உங்க காருக்குள்ள இருக்குறது யாரோட சிம்?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு கார் பத்திப் பேசப் போறோம். மைலேஜ், சேஃப்டி ரேட்டிங் அதெல்லாம் இல்லை. கார் வாங்கும்போது, நமக்கே தெரியாம கூடவே வீட்டுக்கு வந்துடுற ஒரு சின்ன கறுப்பு டப்பா பத்தி.

2010 பிப்ரவரி. அமெரிக்காவோட டெக்ஸஸ் மாநிலத்துல ஆஸ்டின் நகரம். அங்க டெக்ஸஸ் ஆட்டோ சென்டர்னு ஒரு கார் டீலர். அவங்ககிட்ட கார் வாங்கினவங்க ஒவ்வொருத்தரா போன் பண்ண ஆரம்பிச்சாங்க. சிலருக்கு காலையில வேலைக்குக் கிளம்பினா கார் ஸ்டார்ட் ஆகலை. சிலருக்கு நடு ராத்திரியில ஹாரன் தானா அடிக்குது. என்ன பண்ணாலும் நிக்கலை, பேட்டரியைக் கழட்டினாத்தான் நிக்குது. முதல்ல எல்லாரும் மெக்கானிக்கல் பிரச்சினைன்னுதான் நினைச்சாங்க. ஆனா ஒரே டீலர்கிட்ட வாங்கின 100-க்கும் மேல கார்களுக்கு சொல்லி வச்ச மாதிரி இப்படி ஆகுமா?

காரணம் இதுதான். அந்த டீலர், விக்கிற கார்கள்ல டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு டப்பா வச்சிருந்தாங்க. டியூ கட்டலைன்னா, ஒரு வெப்சைட்ல லாகின் பண்ணி, இருந்த இடத்துல இருந்தே காரை ஸ்டார்ட் ஆகவிடாம பண்ணலாம். ஞாபகப்படுத்துறதுக்கு ஹாரன் அடிக்க வைக்கலாம். அந்த டீலர்கிட்ட வேலை பார்த்த ஒரு 20 வயசுப் பையனை வேலையை விட்டு அனுப்பினாங்க. அவனோட அக்கவுன்ட்டை மூடிட்டாங்க. ஆனா கூட வேலை பார்த்த இன்னொருத்தரோட அக்கவுன்ட் வழியா அவன் உள்ள போயிட்டான். கஸ்டமர் லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொரு காரா நிறுத்த ஆரம்பிச்சான். டீலர் எல்லா பாஸ்வேர்டையும் மாத்தின பிறகுதான் இது நின்னுச்சு. ஐபி அட்ரஸை வச்சு போலீஸ் அவனைப் பிடிச்சாங்க.

அந்த கார்க்காரங்கள்ல யாரும் எந்தத் தப்பும் பண்ணலை. காரை யாரும் தொடவும் இல்லை. ஒரு லாகின் பக்கம், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். "என் கார்ல ஜிபிஎஸ் இருக்கா, இல்லையா"ன்னுதான் நாம பொதுவா கேட்போம். நான் கேக்கச் சொல்றது வேற கேள்வி: அந்த டப்பா யாரோட அக்கவுன்ட்ல இருக்கு? அந்த அக்கவுன்ட்ல இருந்து என்னென்ன செய்யலாம்? அது எப்போ முடியும்?

டீலர் எதுக்கு டிராக்கர் வைக்கணும்?

மூணு காரணம் இருக்கு. மூணுக்கும் பெரும்பாலும் ஒரே டப்பாதான்.

முதல் காரணம், ஸ்டாக் மேனேஜ்மென்ட். ஒரு பெரிய அமெரிக்க டீலர்ஷிப்ல நூத்துக்கணக்குல கார் நிக்கும். எந்தக் கார் எந்த வரிசையில நிக்குது, எது டெஸ்ட் டிரைவுக்குப் போயிருக்கு, எதோட பேட்டரி இறங்கிடுச்சு, எதையாவது ராத்திரி யாராவது ஓட்டிட்டுப் போறாங்களா, இதெல்லாம் ஒரே ஸ்க்ரீன்ல தெரியணும்னா காருக்கு ஒரு டிராக்கர் வச்சுட்டாப் போதும். இதுல தப்பு எதுவும் இல்லை. கார் அவங்களோடது, டிராக்கரும் அவங்களோடது.

இரண்டாவது, அதையே விக்கிறது. நீங்க கார் வாங்க வர்றீங்க. ஃபைனான்ஸ் ரூம்ல உட்கார வச்சு, திருட்டுப் பாதுகாப்பு பேக்கேஜ்னு ஒண்ணு சொல்வாங்க. சில நூறு டாலர் இருக்கும். பொருத்துறதுக்குன்னு தனியா வேலை எதுவும் இல்லை, ஏன்னா டப்பா ஏற்கனவே உள்ள இருக்கு. நீங்க வேணாம்னு சொன்னா என்ன ஆகும்? அதைக் கழட்ட ஒரு டெக்னீஷியன் டேஷ்போர்டைத் திறக்கணும். அதுக்கு நேரம், கூலி. அப்படியே விட்டுட்டா செலவே இல்லை. காசு கொடுக்காதவங்க கார்லயும் டப்பா தங்கிப்போறதுக்கு இந்த ஒரு காரணம் போதும். பெரிய சதி எல்லாம் தேவையில்லை, சோம்பேறித்தனமே போதும்.

மூணாவதுதான் இன்னைக்கு நாம முக்கியமா பார்க்கப் போறது: கடன். அமெரிக்காவுல "பை ஹியர், பே ஹியர்" டீலர்னு ஒரு வகை உண்டு. கார் விக்கிறதும் அவங்கதான், கடன் கொடுக்குறதும் அவங்கதான், டியூ வாங்குறதும் அவங்கதான். பேங்க் கதவைச் சாத்தின ஆளுங்கதான் அங்க போவாங்க. கிரெடிட் ஸ்கோர் குறைவானவங்க, இல்லைன்னா ஸ்கோரே இல்லாதவங்க. வட்டி அதிகம். டியூ நின்னுபோச்சுன்னா வண்டியைத் தூக்கணும், நம்ம ஊர் பாஷையில சீஸ் பண்ணணும். வண்டி எங்க நிக்குதுன்னு தேடி அலையுறதுக்குப் பதிலா மேப்ல பார்த்துக்கலாம். அதுக்கும் ஒரு படி மேல போய், ஸ்டார்ட் ஆகவிடாம பண்ணிட்டா அவங்களே போன் பண்ணி டியூ கட்டிடுவாங்க.

2014-ல நியூயார்க் டைம்ஸ் இதைப் பத்தி ஒரு பெரிய ரிப்போர்ட் போட்டுச்சு. அப்பவே சுமார் 20 லட்சம் வண்டிகள்ல இந்த மாதிரி ஸ்டார்ட்டைத் தடுக்குற கருவி இருந்துச்சுன்னு அதுல சொன்னாங்க.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

கொஞ்சம் டெக்னிக்கலா போவோம். பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

ஜிபிஎஸ்னு சொன்னதும் "சாட்டிலைட் நம்மளைப் பார்க்குது"ன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. சாட்டிலைட்டுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. ஊர்ல மூணு நாலு கோயில் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு கோயில்லயும் சரியா எத்தனை மணிக்கு மணி அடிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். சத்தம் உங்க காதுக்கு வந்து சேர எவ்வளவு தாமதமாச்சுன்னு பார்த்தா, எந்தக் கோயில் எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டு, நீங்க எந்தத் தெருவுல நிக்கிறீங்கன்னு கண்டுபிடிச்சிடலாம். ஆனா நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு கோயிலுக்குத் தெரியாது. சாட்டிலைட்டும் அப்படித்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து நேரத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கும். குறைஞ்சது நாலு சாட்டிலைட்டோட சிக்னல் கிடைச்சா, ரிசீவர் தன்னோட இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கும்.

அந்த இடத்தை வெளிய சொல்றது ஜிபிஎஸ் இல்லை. பக்கத்துல இருக்குற சிம். டப்பாவுக்குள்ள ஒரு செல்போன் மோடம் இருக்கும். உங்க போன் வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புற அதே டவர் வழியாத்தான் அது ஒரு சர்வருக்கு "நான் இங்க இருக்கேன்"னு அனுப்பும். அந்த சிம்முக்கு மாசம் மாசம் யாரோ காசு கட்டுறாங்க. அந்த சர்வர்ல யாரோ ஒருத்தருக்கு லாகின் இருக்கு. இதனாலதான் டைட்டில்ல யாரோட சிம்னு கேட்டேன்.

டப்பாவுக்கு கரன்ட் எங்க இருந்து வருது? சுலபமான வழி ஓபிடி போர்ட். ஸ்டியரிங்குக்குக் கீழ, முழங்கால் பக்கத்துல, 16 பின் இருக்குற ஒரு சாக்கெட். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற இடம் அது. அமெரிக்காவுல 1996-க்கு அப்புறம் வந்த எல்லா கார்லயும் கட்டாயம் இருக்கும். அங்க மாட்டினா குனிஞ்சு பார்த்தாலே தெரிஞ்சிடும். மறைக்கணும்னா வயரை நேரடியா இணைப்பாங்க: ஒரு வயர் பேட்டரிக்கு, ஒண்ணு கிரவுண்டுக்கு, ஒண்ணு இக்னிஷனுக்கு. டேஷ்போர்டுக்குள்ள போயிட்டா கண்ணுக்கே தெரியாது.

ஸ்டார்ட்டைத் தடுக்கணும்னா கூடவே ஒரு ரிலே வரும். சாவியில இருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போற வயரை வெட்டி, நடுவுல ஒரு சுவிட்ச் வச்ச மாதிரி. சர்வர்ல இருந்து உத்தரவு வந்தா சுவிட்ச் திறந்துக்கும், சாவி திருகினாலும் மோட்டாருக்குக் கரன்ட் போகாது. வடிவமைப்புப்படி இது ஓடிட்டு இருக்குற இன்ஜினை நிறுத்தக் கூடாது, அடுத்த ஸ்டார்ட்டை மட்டும்தான் தடுக்கணும். ஆனா நியூயார்க் டைம்ஸ்கிட்ட பேசினவங்கள்ல சிலர், சிக்னல்ல நின்னுட்டு இருக்கும்போதே கார் அணைஞ்சதுன்னு சொன்னாங்க. நெடுஞ்சாலையில ஓட்டிட்டு இருக்கும்போதே அணைஞ்சதுன்னு நெவாடாவுல ஒரு பெண் சொன்னாங்க.

பாதுகாப்பு எல்லைக்கு வெளியே

இந்த டிராக்கர்கள்ல ஜியோஃபென்ஸ்னு ஒரு வசதி உண்டு. மேப்ல ஒரு வேலி வரைஞ்சுக்கலாம். கார் அந்த வேலியைத் தாண்டினா கடன் கொடுத்தவருக்கு அலர்ட் போகும். நாம ஸ்விக்கி, சோமேட்டோ டெலிவரி ஏரியாவுக்குப் பயன்படுத்துற அதே லாஜிக்தான், சாதாரண நாலு வரி கோட்.

அந்த நாலு வரி கோட் என்ன பண்ணும்னு அதே 2014 ரிப்போர்ட்ல ஒரு சம்பவம் இருக்கு. டெக்ஸஸ்ல ஒரு பெண், அடிச்சுத் துன்புறுத்துற கணவர்கிட்ட இருந்து தப்பிச்சு, பெண்களுக்கான ஒரு காப்பகத்துக்குப் போறாங்க. கடன் ஒப்பந்தப்படி கார் குறிப்பிட்ட சில கவுன்ட்டிகளைத் தாண்டக் கூடாது. தாண்டிடுச்சு. கடன் கொடுத்தவங்க காரைத் தேடி அந்தக் காப்பகத்துக்கே வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

காப்பகத்தோட முகவரியை ரகசியமா வைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கடன் கொடுத்தவருக்கு அது "எல்லை தாண்டின வண்டி" அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஒரு டேட்டாபேஸ்ல ரெண்டும் ஒரே ஒரு வரிதான். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம். அந்த வரியைப் படிக்கிறது யார்ங்கிறதுதான் வித்தியாசம்.

எங்க துறையோட பங்கு

இப்போ ஒரு சாஃப்ட்வேர் ஆளா பேசுறேன். டப்பாவை விட எனக்கு பயம் தர்றது அது பேசுற சர்வர்.

2017-ல எஸ்விஆர் டிராக்கிங்னு ஒரு கம்பெனி. கார் திருடு போனா மீட்டுத் தர்றோம்னு விக்கிற சேவை, டீலர்கள் வழியா. அவங்களோட பேக்கப் ஃபைல்கள் அமேசான் கிளவுட்ல பூட்டே இல்லாம திறந்து கிடந்துச்சு. குரோம்டெக்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி அதைக் கண்டுபிடிச்சாங்க. 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல ரெக்கார்டுகள். இமெயில், பாஸ்வேர்டு ஹாஷ், கார் நம்பர், டிராக்கர் நம்பர். இதோட நிக்கலை. டப்பா அந்தக் கார்ல சரியா எந்த இடத்துல ஒளிச்சு வச்சிருக்குங்கிற விவரமும் அதுல இருந்துச்சு. கார் ஓனருக்கே தெரியாத இடம், இன்டர்நெட்ல இருக்குற யாருக்கும் தெரியுற மாதிரி.

அந்தச் சேவை எப்படி வேலை செஞ்சுதுன்னு பாருங்க. கார் ஓடும்போது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இடத்தைப் பதிவு பண்ணும். நிக்கும்போது நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏன்னா அடிக்கடி அனுப்பினா பேட்டரி இறங்கிடும். இதை 120 நாள் வச்சிருக்கும். கார் திருடு போனா மீட்குறதுக்கு இப்போ எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். நாலு மாசம் முன்னாடி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சுன்னு எதுக்குத் தெரியணும்? இதை டிசைன் பண்ணின மீட்டிங்ல யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, கசிஞ்ச டேட்டா இவ்வளவு ஆபத்தா இருந்திருக்காது.

அடுத்தது 2023 ஜனவரி. சாம் கரியும் அவரோட நண்பர்களும் கார் கம்பெனிகளோட வெப்சைட்ல இருக்குற ஓட்டைகளைத் தேடி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டாங்க. அதுல ஸ்பைரியான்னு ஒரு கம்பெனி. டீலர்கள் பொருத்துற டிராக்கர்கள் விக்கிற பெரிய கம்பெனிகள்ல ஒண்ணு. அவங்களோட பழைய அட்மின் பக்கம் ஒண்ணுல எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் வேலை செஞ்சுது. தெரியாதவங்களுக்கு: லாகின் பெட்டியில பேரைப் போடுறதுக்குப் பதிலா டேட்டாபேஸுக்கான ஒரு கட்டளைத் துண்டைப் போடுறது. காலேஜ்ல செக்யூரிட்டி பேப்பர்ல முதல் யூனிட்ல வர்ற ஓட்டை இது. உள்ள போனா சுமார் 1 கோடியே 55 லட்சம் வண்டிகள். எங்க இருக்குன்னு பார்க்கலாம், உத்தரவு அனுப்பலாம், ஸ்டார்ட்டரையும் முடக்கலாம். அதுல போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகளும் இருந்துச்சு. அவங்க நல்லவங்க, கம்பெனிக்குச் சொல்லி ஓட்டையை அடைக்க வச்சாங்க.

ஆஸ்டின்ல ஒரு பையன் 100 காரை நிறுத்தினான். 13 வருஷம் கழிச்சு அதே மாதிரி ஒரு கதவுக்குப் பின்னாடி கோடிக்கணக்குல கார்.

சரி, ஹேக்கர் யாருமே இல்லைன்னு வச்சுப்போம். அப்பவும் பிரச்சினை தீரலை. 2023 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி, யுஎஸ்ஏஎஸ்எஃப் சர்வீசிங்னு ஒரு கார் கடன் நிறுவனம் மேல வழக்குப் போட்டுச்சு. தப்பா கார்களை முடக்கினது குறைஞ்சது 7,500 தடவைன்னு குற்றச்சாட்டு. கார்ல எச்சரிக்கை பீப் சத்தத்தைத் தப்பா ஒலிக்க வச்சது 71,000 தடவைக்கும் மேல. டியூ சரியா கட்டினவங்க, கம்பெனியோட பேசி அவகாசம் வாங்கினவங்களும் அதுல அடக்கம்னு சிஎஃப்பிபி சொல்லுச்சு. தவறுதலா ஒரு மெயில் போனா "ஸாரி" சொல்லி இன்னொரு மெயில் அனுப்பலாம். தவறுதலா கார் நின்னா ஒருத்தருக்கு ஷிஃப்ட் போகும், அந்த நாள் சம்பளம் போகும், அதனாலயே அடுத்த டியூ நிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

2012-ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஜோன்ஸ்னு ஒரு வழக்கு வந்துச்சு. போலீஸ் ஒருத்தரோட கார்ல ஜிபிஎஸ் ஒட்டி 28 நாள் பின்தொடர்ந்தாங்க. அப்படி ஒட்டுறது அரசியலமைப்புச் சட்டப்படி ஒரு "சோதனை"தான்னு நீதிபதிகள் ஒருமனதா தீர்ப்பு சொன்னாங்க. ஆனா அந்தப் பாதுகாப்பு அரசாங்கத்துக்கிட்ட இருந்துதான். டீலர் அரசாங்கம் இல்லை.

டீலருக்கு மாநிலச் சட்டங்கள் உண்டு. கலிஃபோர்னியா, டெக்ஸஸ் மாதிரி மாநிலங்கள்ல இன்னொருத்தர் வண்டியில அவர் சம்மதம் இல்லாம டிராக்கர் வைக்கிறது குற்றம். இங்கதான் ஒரு சூட்சுமம் இருக்கு. பொருத்தும்போது கார் யாரோடது? டீலரோடது. அது உங்களோடது ஆனபோது என்ன நடந்துச்சு? நீங்க ஒரு கட்டு பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க. அந்தக் கட்டுல ஒரு பேப்பர்ல சம்மதம்னு ஒரு வரி இருந்திருக்கும். கார் டெலிவரி எடுக்குற சந்தோஷத்துல, கடன் கிடைச்ச நிம்மதியில, யாரு அதைப் படிக்கிறாங்க?

கலிஃபோர்னியா ஒரு படி மேல போச்சு. அங்க பை ஹியர் பே ஹியர் டீலர்கள், டிராக்கர் வச்சிருக்கோம்னு எழுத்துல சொல்லி, எழுத்துல சம்மதம் வாங்கணும். காரை முடக்குறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி கடைசி எச்சரிக்கை கொடுக்கணும். முடக்கின பிறகும் அவசரம்னா குறைஞ்சது 24 மணி நேரத்துக்கு ஸ்டார்ட் பண்ண வழி இருக்கணும். ஒரு குழந்தைக்கு ராத்திரி மூச்சுத்திணறல் வந்தா கார் ஓடணும்ங்கிறதை ஒரு சட்டம் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கு.

வாங்குறவருக்குப் பயனே இல்லாத ஆட்-ஆன்களைத் தலையில கட்டக் கூடாது, எதுக்கும் தெளிவான சம்மதம் வாங்கணும்னு, அமெரிக்காவோட வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2023 டிசம்பர்ல நாடு முழுக்க டீலர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்துச்சு. அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே 2025 ஜனவரியில ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. விதி தப்புன்னு இல்லை, அதைக் கொண்டுவந்த நடைமுறை சரியில்லைன்னு.

"அண்ணா, இது என்ன டப்பா?"

இந்த எபிசோடுக்குக் காரணமே என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன்தான். டெக்ஸஸ்ல எம்எஸ் பண்றான். பழைய கார் ஒண்ணு வாங்கினான். பேட்டரி அடிக்கடி இறங்குதுன்னு மெக்கானிக்கிட்ட காட்டினா, அவர் டேஷ்போர்டுக்குள்ள இருந்து ஒரு கறுப்பு டப்பாவைக் காட்டியிருக்கார். போட்டோ அனுப்பி, "அண்ணா, இது என்ன டப்பா? கழட்டிடவா?"ன்னு கேட்டான். புதுசா அங்க போற நம்ம பசங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இருக்காது. அதனால இந்த மாதிரி டீலர்கள்கிட்ட போக வாய்ப்பு அதிகம். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

கடன் பாக்கி இருந்தா அவசரப்பட்டுக் கழட்டாதீங்க. டப்பாவைத் தொடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கலாம். கழட்டினா அதையே காரணமா வச்சு வண்டியைத் தூக்கலாம். அதோட, ஸ்டார்ட்டர் வயர் நடுவுல ரிலே இருந்தா, தெரியாம வெட்டினா கார் ஸ்டார்ட்டே ஆகாது. முதல்ல பேப்பர்களை எடுத்துப் படிங்க. "ஜிபிஎஸ்", "ஸ்டார்ட்டர் இன்டரப்ட்", "தெஃப்ட் டிடரென்ட்", "பேமென்ட் டிவைஸ்" இந்த மாதிரி வார்த்தை எங்கயாவது இருக்கான்னு தேடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடின்னா இன்னும் சுலபம். மூணு கேள்வியை மெயில்ல கேளுங்க, வாய்ல வேணாம். இந்தக் கார்ல டிராக்கர் இருக்கா? இருந்தா அந்த அக்கவுன்ட் யார் பேர்ல? கடன் முடிஞ்சா எத்தனை நாள்ல அதை நிறுத்தி, பழைய டேட்டாவை அழிப்பீங்க? பதில் எழுத்துல வரட்டும். வேண்டாத பேக்கேஜா இருந்தா டப்பாவைக் கழட்டிட்டுக் கொடுக்கச் சொல்லுங்க.

கடன் முடிஞ்ச அன்னைக்கு, கார் பேப்பரை வாங்குறதோட நிறுத்தாம, டிராக்கர் அக்கவுன்ட் மூடப்பட்டதுன்னு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கும் இது பொருந்தும். முந்தின ஓனரோட டப்பா இன்னும் உள்ள இருக்கலாம். அது செத்துப்போயும் இருக்கலாம், ஏன்னா 2022-ல அமெரிக்காவோட பெரிய நெட்வொர்க்குகள் 3ஜியை நிறுத்தினப்போ, 3ஜி மட்டுமே தெரிஞ்ச டப்பாக்கள் ஊமை ஆயிடுச்சு.

தேடணும்னா: முதல்ல ஓபிடி போர்ட். அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழ, சீட்டுக்குக் கீழ, டிக்கியில. கார் வயரிங்ல சேராத டேப் சுத்தின வயர் எங்கயாவது தெரியுதான்னு பாருங்க. நம்பிக்கையான மெக்கானிக்னா இன்னும் நல்லது.

ஒரு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. "தெரியாத டிராக்கர் உங்ககூட வருது"ன்னு போன்ல அலர்ட் வருமே, அது ஏர்டேக் மாதிரி ப்ளூடூத் டிராக்கர்களுக்கு மட்டும்தான். சிம் வச்ச டப்பா உங்க போனோட பேசவே பேசாது. அலர்ட் வரலைங்கிறதுக்காக டப்பா இல்லைன்னு அர்த்தம் இல்லை. ஆன்லைன்ல கிடைக்கிற மலிவு விலை சிக்னல் டிடெக்டரும் அப்படித்தான். டப்பா தூங்கிட்டு இருக்குற நேரத்துல அது எதையும் காட்டாது.

டப்பாவே தேவையில்லாத கார்கள்

இப்போ வர்ற புது கார்கள்ல சிம் ஃபேக்டரியிலயே வந்துடுது. தனி டப்பா வேணாம், வயரை வெட்ட வேணாம். டீலர்ஷிப்ல டெலிவரி எடுக்கும்போது ஆப் செட்டப் பண்ணித் தர்றாங்கல்ல, அங்கதான் எல்லாம் நடக்குது.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை அப்படித்தான். அவங்களோட ஆன்ஸ்டார் சேவையில ஸ்மார்ட் டிரைவர்னு ஒரு வசதி இருந்துச்சு. எப்போ வேகமாப் போனீங்க, எப்போ சடன் பிரேக் போட்டீங்கன்னு பதிவு பண்ணுச்சு. அந்த டேட்டா லெக்ஸிஸ்நெக்ஸிஸ் மாதிரி நிறுவனங்களுக்குப் போய், அங்க இருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போச்சுன்னு 2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ்ல காஷ்மீர் ஹில் எழுதினாங்க. ஒரு கார்க்காரர் தன்னைப் பத்தின ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினப்போ 258 பக்கம் வந்துச்சு. சேரச் சொன்ன விதமே ஏமாத்து வேலைன்னும், சில நேரம் 3 செகண்டுக்கு ஒரு தடவை இருப்பிடம் பதிவாச்சுன்னும் எஃப்டிசி குற்றம் சாட்டுச்சு. இந்த மாதிரி டேட்டாவை, இப்படி ரிப்போர்ட் தயாரிச்சு விக்கிற நிறுவனங்களுக்கு 5 வருஷம் கொடுக்கக் கூடாதுன்னு ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தடை வந்துச்சு.

டிராக்கரே வேணாம்னு நான் சொல்லலை. நம்ம நாட்டுல 2019 முதல் புதுசா பதிவாகுற டாக்ஸி, பஸ் மாதிரி பயணிகள் வண்டிகள்ல இருப்பிடம் காட்டுற கருவியும் அவசர பட்டனும் வைக்கணும்னு விதி இருக்கு. ராத்திரி தனியா கேப்ல வர்ற ஒரு பொண்ணுக்கு அது தேவை. அது இருக்குன்னு டிரைவருக்குத் தெரியும், பயணிக்குத் தெரியும், எதுக்குன்னும் தெரியும். கார் ஓனருக்கு மட்டும் தெரியாம இருக்குற டப்பாவுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கடன் கொடுத்தவருக்குத் தன்னோட பணத்தைப் பாதுகாக்குற உரிமை இருக்கு. அதை மறுக்கலை. ஆனா கடன்ங்கிறது காசுக்கான ஒப்பந்தம். நான் எந்த டாக்டர்கிட்ட போறேன், யார் வீட்டு வாசல்ல நிறுத்துறேன்ங்கிறது அந்த ஒப்பந்தத்துல வராது. கடன் முடியுற அன்னைக்கு அந்தப் பார்வையும் முடியணும்.

இன்னைக்கு அவ்வளவுதான். அமெரிக்காவுல கார் வாங்கப் போற அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி யாராவது இருந்தா அந்த மூணு கேள்வியை மட்டுமாவது அனுப்பி விடுங்க. உங்க புது காரோட ஆப்ல என்னென்ன அனுமதி "ஆன்"ல இருக்குன்னு நீங்களும் ஒரு தடவை திறந்து பாருங்க. பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.